தலையில் விழுந்த பெட்டியும் அவையில் எழுந்த மசோதாவும்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளின் வண்டியில், சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் பயத்தில் எதை மிதிப்பது என்று தெரியாமல் விழிக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் சத்தமில்லாமல் அதை மிதித்து எல்லாருடைய உயிரையும் காப்பாற்றுவார். அந்த வேலையை எங்கள் ஊரில் அப்படி அழகாகச் செய்தவர் ஒரு பெண்மணி. 'பிரேக் டீச்சர்' என்று அவருக்குப் பெயர் வைத்தது அவரிடம் படித்தவர்கள்தான்.

டீச்சர் குரலை உயர்த்தியதை யாரும் கேட்டதில்லை. ஒரு வக்கீல் விளக்குக் கம்பத்தைக் குறிவைத்தது போல நேராக ஓட்டிக்கொண்டு போனபோதுகூட, "கம்பம் நமக்கு வழி விடாதுங்க, நாமதான் விடணும்" என்று சொல்லிக்கொண்டே பிரேக்கை மிதித்தாராம். வக்கீல் இறங்கி நடுங்கிக்கொண்டிருந்தபோது, "இன்னைக்கு நேரா ஓட்டக் கத்துக்கிட்டீங்க. நாளைக்குத் திருப்பக் கத்துக்கலாம்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாராம். இத்தனை வருஷம் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் அவர் உடம்பில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

விழுந்தது வீட்டில்.

டீச்சருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே பேச்சு. "ஜன்னல் திறந்திருக்கட்டுமா, மூடிடவா? திறந்தா நல்லாயிருக்கா, மூடினா நல்லாயிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பாதி திறந்து வைப்பார். எதையும் தூக்கிப் போட மனம் வராத மனிதர். கடையில் யாரும் வாங்காத பழைய கண்ணாடிச் சட்டங்களையெல்லாம் ஒரு கனத்த பெட்டியில் நிரப்பி, படுக்கையறை பீரோவின் மேல் ஏற்றி வைத்திருந்தார். அந்தப் பெட்டிக்குக் கீழே மடித்து வைத்திருந்த போர்வையை டீச்சர் ஒரு சாயங்காலம் உருவினார். போர்வையோடு பெட்டியும் வந்தது. தலைக்கு நேராக வந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தலையை ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வேலைக்குப் போங்க" என்று அனுப்பினார்கள். கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அப்போதும் தூக்கிப் போடவில்லை.

தையல் ஆறியது. முடி வளர்ந்து தழும்பை மூடியது. பார்ப்பவர்கள் எல்லாரும், "நல்லாத்தானே இருக்கீங்க!" என்றார்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்தது முழு டீச்சர் இல்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

முதலில் வார்த்தைகள் காணாமல் போயின. சீப்பு வேண்டுமென்றால், "அந்தப் பல்லு வச்ச சாமான்" என்பார். கணவர் பல் தேய்க்கும் பிரஷைக் கொண்டுவந்து கொடுப்பார். அப்புறம் சத்தம் ஆகாமல் போயிற்று. பாத்திரம் விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். மத்தியானம் ஆனால், தண்ணீரில் போட்ட சோப்பு மாதிரி உடம்பு கரைந்து போகும், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். மூக்கில் எந்த வாசனையும் ஏறவில்லை. அடுப்பில் பால் தீய்ந்து, பக்கத்து வீட்டார் ஓடி வந்து கதவைத் தட்டினார்கள். டீச்சர் அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் போனதுதான் வம்பு. வாய்க்கு இருந்த பிரேக் போய்விட்டது.

கணவருடைய தங்கை, அதாவது டீச்சரின் நாத்தனார், அடுத்த தெருவில் தையல் பள்ளி நடத்துகிறார். தானே தைத்த புது உடுப்பைப் போட்டுக்கொண்டு அண்ணியைப் பார்க்க வந்தார். வாசலிலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, "எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டார்.

"திரைச்சீலை மாதிரி இருக்கு" என்றார் டீச்சர். "ஜன்னல்ல போட்டா நல்லா இருக்கும்."

இத்தனை வருஷத்தில் அண்ணி வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. நாத்தனார் அண்ணனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணே, இது நடிப்பு. தலையில பட்ட அடிய சாக்கா வச்சுக்கிட்டு, மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டுறாங்க."

"எனக்கும் புரியலம்மா. நடிப்பா இருக்குமா, நிஜமா இருக்குமா? நடிப்பு மாதிரி இருக்கா, நிஜம் மாதிரி இருக்கா?"

"நீ வேற!" என்று நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டீச்சர் திரும்ப வேலைக்குப் போனார். ஒரு பல் டாக்டருக்கு முதல் வகுப்பு. நாற்சந்தி வந்ததும் 'வலது' என்ற சொல் டீச்சருக்குக் கிடைக்கவில்லை. "இந்தப் பக்கம் இல்லாத பக்கம் திருப்புங்க" என்றார். டாக்டர் குழம்பி இரண்டு பக்கமும் திருப்பாமல் நேராக விட, கார் ஒரு நாற்றுப் பண்ணைக்குள் புகுந்து ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே நின்றது. பிரேக்கைக் கால் மிதித்ததுதான், ஆனால் தாமதமாக மிதித்தது. டாக்டர் மன்னிப்புக் கேட்டார். பழைய டீச்சராக இருந்தால் தண்ணீர் பாட்டிலை நீட்டியிருப்பார். இந்த டீச்சர், "உங்களுக்கு வண்டி வராது. பஸ்ல போங்க. பஸ்லயும் முன் சீட்டுல உக்காராதீங்க" என்றார்.

பள்ளிக்கூட முதலாளி நல்லவர். "கொஞ்ச நாள் வீட்ல இருங்க டீச்சர்" என்று காரின் சாவியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

அன்று வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார் டீச்சர். களைப்பில் கால் பின்னியது, நாக்கு குழறியது. முனையில் நின்ற போலீஸ்காரர் தடுத்து நிறுத்தினார்.

"என்னம்மா, பகல்லயேவா? இதுல ஊதுங்க."

டீச்சர் ஊதினார். கருவி ஒன்றும் காட்டவில்லை. போலீஸ்காரர் அதைத் தட்டிப் பார்த்தார், உதறிப் பார்த்தார், மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் ஒன்றும் இல்லை.

"இதுக்கும் தலையில அடிபட்டிருக்கு போல" என்றார் டீச்சர். "பாக்க நல்லாத்தான் இருக்கு."

பேச்சு குழறலாகவும் நக்கலாகவும் வந்ததால் போலீஸ்காரருக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது. கணவர் கடையிலிருந்து ஓடி வந்து, தழும்பைக் காட்டி, கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தெருவே வேடிக்கை பார்த்தது. அன்று சாயங்காலம் டீச்சர் விளக்கைக்கூடப் போடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கணவர் விசாரித்து, நரம்பு மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடித்தார். அந்த அம்மாள் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார், கேள்வி கேட்டார், பொருள்களின் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார், கண்ணைக் கட்டிவிட்டு மூக்குக்கு நேரே காபித் தூளை நீட்டினார். முடிவில் சொன்னார்:

"படத்துல ஒண்ணும் தெரியலங்கறதால உள்ள ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம் இல்ல. மூளை குலுங்கியிருக்கு. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு பாத்து அனுப்புற வேலைய நெத்திக்குப் பின்னால இருக்கற பகுதி செய்யுது. அங்கதான் அடி."

"அப்ப இவ இப்ப சொல்றதெல்லாம் பொய்யா டாக்டர்?" என்று கணவர் ஆவலோடு கேட்டார்.

"அப்படிச் சொல்ல முடியாது. முன்னாடி மனசுல நினைச்சு அடக்கிக்கிட்டு இருந்திருப்பாங்க."

சில வாரங்களாகத் தன்னைப் பற்றி வந்து விழுந்த கருத்துகளையெல்லாம் கணவர் வரிசையாக நினைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஆனால் டீச்சர் அழுதார். சந்தோஷத்தில் அழுதார். "அப்ப நான் நடிக்கலைல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "நடிக்கலம்மா" என்று மருத்துவரும் ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் சொன்னார்.

அந்த மருத்துவருடைய ஆஸ்பத்திரியில், காத்திருக்கும் அறையில்தான் டீச்சருக்குக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். ஒருவர் ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர். இன்னொருத்தி பந்தைத் தலையால் முட்டப் போய் இன்னொரு தலையை முட்டிவிட்ட கால்பந்தாட்டக்காரி. பெயின்டர் சொன்னார்: "காலு உடைஞ்சிருந்தா கட்டுப் போட்டிருப்பாங்க. கட்டைப் பாத்துப் பஸ்ல எடம் குடுப்பாங்க. நமக்கு என்ன கட்டு போடுறது? எல்லாரும் 'நல்லாத்தானே இருக்கே'ன்னு கேக்குறாங்க. அந்தக் கேள்விய ஒழிக்கணும் முதல்ல."

மூவரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிக்க முடிவு செய்தார்கள். முதல் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். பெயின்டர் முந்தின நாளே வந்து பூட்டிய அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். கால்பந்தாட்டக்காரி மறுநாள் வந்தாள். சரியான நாளில் டீச்சர் மட்டும் வந்து, யாரையும் காணாமல், கூட்டத்தைத் தானே தொடங்கித் தானே முடித்துவிட்டு வந்தார். தலைவர் தேர்தலும் அந்தக் கூட்டத்திலேயே நடந்துவிட்டது.

தலைவர் ஆன பிறகு சும்மா இருக்க முடியுமா? அந்தச் சமயத்தில் டீச்சர் வீட்டுப் பக்கம் புதுப் போக்குவரத்து விளக்கைத் திறந்து வைக்க அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வந்தார். மெம்பர் என்று எல்லாரும் கூப்பிடும் அவர் ஒரு காலத்தில் டீச்சரிடம் கார் படித்தவர். உரிமத் தேர்வில் மூன்று தடவை தோற்றவர். டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவர் எதிரில் போய் நின்றார்.

"தம்பி, கிளட்ச்சை இன்னும் அப்படியே படார்னுதான் விடுறியா?"

மெம்பரைச் சுற்றியிருந்தவர்கள் மிரண்டார்கள். மெம்பர் மட்டும் பள்ளிப் பையன் மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இப்ப டிரைவர் வச்சிருக்கேன் டீச்சர்."

"ரோட்டுக்கு நல்லது" என்ற டீச்சர், அங்கேயே நின்று தன் கதையைச் சொன்னார். பெட்டி, ரோஜாத் தொட்டி, போலீஸ்காரரின் கருவி, பெயின்டரின் ஏணி, ஒன்றும் விடவில்லை. நடுவில் வார்த்தை தொலைந்தபோது காத்திருந்து தேடி எடுத்தார். "இதுக்கு ஒரு சட்டம் போடு. ஜனங்களுக்கு இது என்னன்னு தெரியணும். போலீசுக்குத் தெரியணும், பள்ளிக்கூடத்துல விளையாடச் சொல்லிக்குடுக்கறவங்களுக்குத் தெரியணும். ஆஸ்பத்திரியில தையல் போட்டு அனுப்பும்போதே, இனிமே வீட்ல என்னென்ன நடக்கலாம்னு குடும்பத்துக்குச் சொல்லி அனுப்பணும்."

மெம்பர் யோசித்தார். அவர் அவைக்குப் போனதிலிருந்து கொண்டுவந்த எதையும் யாரும் ஆதரித்ததில்லை. "இதை யாரும் எதிர்க்க முடியாது டீச்சர்" என்று முகம் மலர்ந்தார். "தலை எல்லாருக்கும் இருக்கு."

"எல்லாருக்கும்னு சொல்லிட முடியாது" என்றார் டீச்சர்.

அப்படித்தான் மூளைக்காய விழிப்புணர்வு மசோதா பிறந்தது. அவைக்கு வருவதற்கு முன்னால் அது ஒரு குழுவின் விசாரணைக்குப் போக வேண்டும். குழுத் தலைவர் பழுத்த அரசியல்வாதி. முன்பெல்லாம் தங்கமான மனிதராம். இப்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், பதவி வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அவருடைய கட்சியிலேயே பேச்சு. அந்தக் குழுவின் முன்னால் டீச்சர் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது.

நாத்தனாருக்கு இந்தச் செய்தி கேட்டதும் கோபமெல்லாம் பறந்துவிட்டது. தொலைக்காட்சியில் குடும்பமே தெரியப் போகிறதே! அண்ணிக்கும் அண்ணனுக்கும் புது உடுப்புத் தைத்துக்கொண்டு வந்தார். வரும்போதே உத்தரவும் கொண்டுவந்தார்.

"அண்ணி, நீங்க அங்க வாயே தொறக்கக் கூடாது. அண்ணன் எழுதி வச்சுப் படிக்கட்டும். நீங்க சும்மா சோகமா உக்காந்திருங்க."

"சோகமா எப்படி உக்கார்றது? நீ தச்ச சட்டை அக்குள்ல பிடிக்குது."

"அந்த மொகத்தோடயே இருங்க, போதும்."

விசாரணை நடந்த அறை பெரியது. மேலே குழல் விளக்குகள் ரீங்காரமிட்டன. ஒலிபெருக்கி அடிக்கடி கீச்சிட்டது. ஒவ்வொரு கீச்சுக்கும் டீச்சரின் தோள் தூக்கிப் போட்டது. கணவர் எழுந்து, கையில் தாளைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். பயத்தில் வேறு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எழுத்து தெரியவில்லை. தாளை எட்ட வைத்தார், கிட்ட வைத்தார். ஊருக்கெல்லாம் கண் பார்க்கும் அவரால் எது தெளிவு என்று தீர்மானிக்க முடியவில்லை.

உறுப்பினர் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு, "அந்தம்மா பாக்க நல்லாத்தானே இருக்காங்க, இதுக்கு எதுக்கு ஒரு சட்டம்?" என்றார்.

டீச்சர் எழுந்துவிட்டார். பின்வரிசையில் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமாங்க, பாக்க நல்லாத்தான் இருக்கேன்" என்றார் டீச்சர். குரல் நிதானமாகத்தான் இருந்தது. "பாக்கறதை வச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க. இப்ப தலைவர் ஐயாவையே எடுத்துக்கங்க. தலைமுடி கறுகறுன்னு எவ்வளவு நல்லா இருக்கு! ஆனா அது அவரோடது இல்ல. இடது பக்கமா நழுவி வேற இருக்கு."

எல்லாக் கண்களும் தலைவரின் தலைக்குப் போயின. தலைவரின் கையும் போயிற்று. தொட்டதில் அது இன்னும் நழுவியது. எங்கோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்துத் தோற்றார். தலைவர் மேசையை ஓங்கித் தட்டி, "இந்த... இந்த... என்ன மசோதா இது? இந்த மண்டை மசோதாவ மூட்ட கட்டி வைங்க! கூட்டம் முடிஞ்சுது!" என்று கத்திவிட்டு வெளியேறினார். அவசரத்தில் தவறான கதவைத் திறந்து, துடைப்பங்கள் வைத்திருந்த அலமாரிக்குள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

வெளியே வந்ததும் நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். மெம்பர் யாரையும் பார்க்காமல் காரில் ஏறினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த டீச்சரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"நான் சொல்லணும்னு சொல்லலைங்க."

"தெரியும்மா" என்றார் கணவர்.

"சொன்னதுக்கு அப்புறந்தான் எனக்கே கேக்குது. அந்தப் பொம்பள நான் இல்ல. யாரோ ஒருத்தி என் செருப்பைப் போட்டுக்கிட்டு, என் குரல்ல பேசிக்கிட்டு, ஊரெல்லாம் திரியுறா. அவ பின்னாடியே போயி நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டில் எது நல்லது என்று இந்தத் தடவை கேட்கவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தபோது டீச்சர் தூங்கியிருந்தார். எழுப்ப மனமில்லாமல் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.

மசோதாவின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் சட்டமன்ற நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் சேனலை ஊரில் தவறாமல் பார்க்கும் ஒரு ஆள் இருந்தார். குழுத் தலைவரின் மனைவி. கணவர் மத்தியானம் சாப்பிட்டாரா இல்லையா என்பதை அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காகப் பார்ப்பாராம். அவர் ஒரு காலையில் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

முடி விஷயத்துக்குச் சண்டை போட வந்திருக்கிறார் என்று டீச்சரின் கணவர் நடுங்கிவிட்டார். "உள்ள வரீங்களா, இல்ல இங்கயே..." என்று இழுத்தார். அந்த அம்மாள் அவரைத் தாண்டி உள்ளே வந்து டீச்சருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"முடியப் பத்தி நான் ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், அத விடுங்க. ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு வாசனை தெரியுமா?"

"தெரியாது."

"சத்தம்?"

"ஆகாது."

"பேரு?"

"மறந்துபோகும். கோவம் வரும். மத்தியானம் தூக்கம் வரும்."

தலைவரின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தேர்தல் பிரசாரத்துல மேடை சரிஞ்சு விழுந்தாரு. டாக்டருங்க ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அடுத்த வாரமே பதவி வந்துடுச்சு. அன்னையிலேர்ந்து மனுஷன் ஆளே மாறிட்டாரு. கட்சிக்காரங்க பதவித் திமிருன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சு, தினமும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். அன்னிக்கு நீங்க பேசினதை டீவில பாத்தேன். அவரு துடைப்ப அலமாரிக்குள்ள போனதையும் பாத்தேன். வீட்லயும் அப்படித்தாங்க, குளியலறைன்னு நெனச்சு பீரோவைத் தொறப்பாரு."

தலைவர் மருத்துவரிடம் போக ஒத்துக்கொள்ளவில்லை. மனைவியும் டீச்சரும் சேர்ந்து, சாலை திறப்பு விழா என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். நரம்பு மருத்துவர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். தலைவர் கத்தரிக்கோலைப் பார்த்து, "இந்த... நாடா வெட்டுற சாமான்" என்றார். டீச்சர் பக்கத்திலிருந்து, "அதேதான் ஐயா, எனக்கும் அது பேரு வராது" என்றார். தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டது.

"எம் பேரு மறந்தாலும் பரவாயில்லம்மா" என்றார் ரகசியமாக. "எங்க கட்சித் தலைமை பேரு மறந்துபோகுது. மேடையில 'நமது ஒப்பற்ற'ன்னு ஆரம்பிச்சிட்டு நிக்கிறேன். அதுக்கு அப்புறம் யாருன்னே தெரியல."

"ஒப்பற்றன்னு சொன்னதும் கை தட்டச் சொல்லிடுங்க" என்றார் டீச்சர். "கைதட்டுல பேரு முழுங்கிடும்."

மூட்டை கட்டிய மசோதாவைத் தலைவரே அவிழ்த்தார். அவையில் எழுந்து, தனக்கு நடந்ததைச் சொன்னார். பொய்முடி இல்லாமல் வந்து சொன்னார். எதிர்க்கட்சிக்காரர்கள்கூடக் கூச்சலை நிறுத்திக் கேட்டார்கள். மசோதாவை எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. பிறகு ஏன் அது நிறைவேற அவ்வளவு காலம் ஆயிற்று என்றால், வருஷா வருஷம் நடத்த வேண்டிய விழிப்புணர்வு வாரத்தில் எல்லாரும் குத்திக்கொள்ள வேண்டிய ரிப்பனின் நிறம்தான் காரணம். பச்சை என்றால் அது அந்தக் கட்சியின் நிறம், நீலம் என்றால் இந்தக் கட்சியின் நிறம், மஞ்சள் என்றால் போன தேர்தலில் உடைந்துபோன கட்சியின் நிறம். விவாதம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் யாருக்குமே பிடிக்காத சாம்பல் நிறத்துக்கு எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். போலீசுக்கும் விளையாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி, ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கு விளக்கம் என்று டீச்சர் கேட்ட முக்கியமான விஷயங்கள் அந்த ரிப்பன் சண்டையின் சந்தடியில் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் நிறைவேறிவிட்டன. மெம்பருக்கு அவையில் முதல் வெற்றி. டீச்சருக்கு ஃபோன் பண்ணி அழுதார். டீச்சர், "கிளட்ச்ச மெதுவா விட்டிருக்கே, தம்பி" என்றார்.

முதல் வருஷ விழிப்புணர்வு வாரம் தடபுடலாகத் தொடங்கியது. மைதானம் முழுக்க ஒலிபெருக்கி. மேளம். மேடையில் கண்ணைப் பறிக்கும் விளக்குகள். தலையில் அடிபட்டவர்களுக்கு முன்வரிசையில், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே, மரியாதையாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் மேளச் சத்தத்திலேயே முன்வரிசை முழுவதும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடியது. பெயின்டர் வேலி தாண்டினார். கால்பந்தாட்டக்காரி மேடைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். அங்கே ஏற்கெனவே குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். யாருக்காக விழாவோ அவர்கள் ஒருவர்கூட இல்லாமல் விழா வெகு சிறப்பாக நடந்து முடிந்தது.

"அடுத்த வருஷம் நாமே நடத்துவோம்" என்றார் டீச்சர். "சத்தமே இல்லாம."

அப்படியே நடத்தினார்கள். கோஷம் இல்லை, மேளம் இல்லை, மைக் இல்லை. சாம்பல் ரிப்பன் குத்திய ஒரு கூட்டம் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் கடைத்தெரு வழியாக மெதுவாக நடந்தது. களைத்தவர்கள் உட்கார வழியெல்லாம் நாற்காலி. அந்த ஊரில் ஊர்வலம் என்றால் நாலு தெருவுக்கு முன்பே காது கிழியும். இது சத்தமில்லாமல் வந்ததால் ஜனங்கள் பயந்துபோய் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். "என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள். நடந்தவர்கள் நின்று, தாழ்ந்த குரலில், ஒவ்வொருவருக்கும் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் கத்தியபோது கேட்காதவர்கள் இப்போது காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டார்கள். "எங்க மாமனாரும் மாடியிலேர்ந்து விழுந்ததிலிருந்து இப்படித்தான்" என்று ஒரு பெண் பாதி வழியில் சேர்ந்துகொண்டாள். நாத்தனார் யாரும் கேட்காமலே எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, நெற்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விளக்கிக்கொண்டு வந்தார். மெம்பரும் மைக் இல்லாமல் உரை நிகழ்த்தினார். அவர் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. இதுவரை அவர் பேசியதிலேயே இதுதான் சிறந்த உரை என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

டீச்சர் மறுபடி கார் ஓட்டவில்லை. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம் முழுக்க டீச்சர் தன் பழைய காரின் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது பயிற்சிப் பள்ளியில் ஒரு அமைதியான அறையில், காலை வேளைகளில், சாலை விதிகள் வகுப்பு எடுக்கிறார். இரண்டு சக்கர வண்டியில் தலைக்கவசம் போடாமல் வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறார். வார்த்தைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகின்றன, சில வரவேயில்லை. வாயின் பிரேக்கும் பாதிதான் பிடிக்கிறது. ஆனால் அந்த வகுப்புக்குத்தான் கூட்டம் அதிகம். தனக்கு வண்டி வருமா, வராதா என்று முகத்துக்கு நேரே உண்மை சொல்ல ஊரில் வேறு ஆள் இல்லையாம்.

கடைத்தெருவில் அந்தச் சத்தமில்லாத ஊர்வலம் போனபோது, ஒரு தேநீர்க்கடைக்காரர் விஷயம் தெரிந்ததும் தன் ரேடியோவை அணைத்தார். அதைப் பார்த்துப் பக்கத்துச் செல்போன் கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். எதிர்சாரியில் இரும்புப் பட்டறைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். ஒவ்வொரு கடையாக அடங்கி, தெருவின் முனை வரை அமைதி பரவியது. டீச்சர் நடப்பதை நிறுத்திவிட்டு நின்றார்.

"என்னம்மா, களைப்பா இருக்கா?" என்று கணவர் கேட்டார்.

"இல்லைங்க. கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் டீச்சர். "ரொம்ப நாளைக்கு அப்புறம் காது குளிருது."